மயக்கம் என்னும் சொல்லும் அதன் வழக்கும்

திருச்சிற்றம்பலம்

சைவ மேடைகளில் இக்காலத்து அடிக்கடி கேட்கப்படும் தொடர்களுள், "உலகம் வெறும் மயக்கம்", "எல்லாம் மாயை" என்னும் இரண்டும் முதன்மையானவை. சொல்வோர் இவற்றை ஞானத்தின் முடிந்த நிலையெனக் கருதிச் சொல்லுகின்றனர். கேட்போரும் தலையசைத்துக் கேட்கின்றனர். இத்தொடர்களில் மயக்கம் என்னுஞ் சொல் பொய் என்னும் பொருளிலும், மாயை என்னுஞ் சொல் இல்லாதது உள்ளதுபோலக் காட்டும் தோற்றம் என்னும் பொருளிலும் எடுத்தாளப்படுகின்றன. இவ்வழக்குத் தமிழ் இலக்கணத்திற்கும் ஒவ்வாது. சித்தாந்த நூன்முடிபிற்கும் ஒவ்வாது. ஒரு சொல்லைப் பற்றிய சிறு பிழைபோலத் தோன்றினும், இது வழிபாட்டின் வேரை அசைக்கும் பிழையாதலின், ஈண்டு ஒருவாறு ஆராயப்படும்.

இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சில திங்களுக்கு முன்னர் ஓரூரில் நிகழ்ந்த குருபூசை விழாவிற்கு யாமுஞ் சென்றிருந்தோம். ஆங்குச் சொற்பொழிவாற்றியவர் நல்ல கல்வியுடையார், நாவன்மையும் உடையார். உடம்பும் மயக்கம், உறவும் மயக்கம், கண்ணாற் காணப்படுவன யாவும் மாயையின் பொய்த்தோற்றம் என்று இரண்டு நாழிகை பேசினார். கூட்டங் கலைந்தபின், அக்கோயிலில் நாற்பதாண்டு பூத்தொடுக்குந் திருத்தொண்டு பூண்ட மூதாட்டியார் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, எல்லாம் பொய்யென்று சொன்னாரே, அப்படியானால் நான் தொடுத்த பூவும் பொய்தானா? சாத்தின திருமேனியும் பொய்தானா?" என்று வினவினார். வாது கருதிய வினா அன்று அது. அவர் கண் கலங்கியிருந்தது. "இல்லை அம்மா, பூவும் மெய், நீங்கள் தொடுத்ததும் மெய், ஏற்றுக்கொண்டவனும் மெய்" என்று மட்டுமே அப்பொழுது சொல்ல இயன்றது. அவர் திருநீறு தரித்துக்கொண்டு வீடு சென்றார். எம் மனம் அமைதி பெறவில்லை. யாம் கூறியது முதியார் ஒருவரைத் தேற்றுதற்குக் கூறிய உபசாரமொழி அன்று, நூன்முடிபே என்பதை விரித்துக்காட்டுதல் எமக்குக் கடனாயிற்று.

முதற்கண் சொல்லின் பொருளை நோக்குவாம். மயங்குதல் என்பதற்குக் கலத்தல் என்பதே அடிப்படைப் பொருள். இதற்கு இலக்கண நூல்களே சான்று. தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தில் ஏழாம் இயல் உயிர்மயங்கியல். எட்டாம் இயல் புள்ளிமயங்கியல். உயிரீற்றுச் சொல்லும் புள்ளியீற்றுச் சொல்லும் வருமொழியோடு கூடும் முறைமையை அவ்வியல்கள் உணர்த்துகின்றன. சொல்லதிகாரத்து மூன்றாம் இயல் வேற்றுமை மயங்கியல். ஒரு வேற்றுமைக்குரிய இடத்தில் மற்றொரு வேற்றுமை வந்து கலத்தலை அது கூறும். பொருளதிகாரத்தில் ஒரு திணைக்குரிய பொழுதும் கருப்பொருளும் மற்றொரு திணையோடு விரவி வருதலைத் திணைமயக்கம் என்பர். அது விலக்கப்பட்டதன்று என்பதும் ஆசிரியர் கருத்து. இனி, மெய்யெழுத்து மெய்யெழுத்தோடு கூடி நிற்பதனை மெய்ம்மயக்கம் என்று வழங்குகின்றோம். பக்கம் என்பதிற் ககரம் தன்னொடு தான் நின்றது. அஃது உடனிலை மெய்ம்மயக்கம். தங்கம் என்பதில் ஙகரத்தொடு ககரம் நின்றது. அது வேற்றுநிலை மெய்ம்மயக்கம். இவ்விடங்களில் எங்கேனும் மயக்கம் என்பதற்குப் பொய் என்று பொருள் கூறுதல் இயலுமோ? தங்கம் என்னுஞ் சொல்லில் ஙகரமும் பொய்யன்று, ககரமும் பொய்யன்று. இரண்டுங் கூடி நின்றமையால் ஒன்று மற்றொன்றாய் மாறியதும் இல்லை. இரண்டும் உள்ளனவாய் நின்று கூடின. அவ்வளவே மயக்கம் எனப்பட்டது.

உலக வழக்கிலும் இப்பொருள் மறைந்தொழியவில்லை. அந்திப்பொழுதைப் பொழுது மயங்கும் வேளை என்கின்றோம். பகலின் ஒளியும் இரவின் இருளும் கலந்து நிற்கும் வேளை என்பதே அதன் பொருள். அவ்வேளையில் பகலும் இல்லை, இரவும் இல்லை என்று எவருங் கூறார். அக்கலப்பினால் எதிரே நிற்பது இன்னதென்று தெளியாமை உண்டாகின்றது. இங்ஙனம் கலப்பைக் குறித்த சொல், கலப்பினால் விளையுந் தெளிவின்மையைக் குறிப்பதாயிற்று. அதன்மேல், அறிவு நிலைகலங்குதலையும், தலைசுற்றி விழுதலையும், கள்ளினாலும் காமத்தினாலும் வரும் மதிமாறாட்டத்தையும் குறிப்பதாயிற்று. மருத்துவர் கத்தியாற் சிகிச்சை செய்தற்கு முன் கொடுப்பதனை மயக்கமருந்து என்கின்றோம். 1846-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஈதர் என்னும் பொருளைக்கொண்டு இம்முறை பலரறியக் காட்டப்பட்டது முதல் அது உலகெங்கும் பரவிற்று. அம்மருந்துண்டு கிடப்பானுடைய உடம்பு பொய்யாய்விடுவதில்லை. அதிற்பட்ட கத்தியும் பொய்யன்று. அறியும் வாயில் அடைபட்டமையால் அவன் அறியாது கிடக்கின்றான். ஈண்டும் மயக்கம் அறிவானைச் சார்ந்தது. அறியப்படும் பொருளைச் சார்ந்ததன்று.

இனி, மயங்குதல் என்னுந் தன்வினை மயக்குதல் எனப் பிறவினையாகும்பொழுது, ஒருவர் மற்றொருவரை நெறி பிறழ அறியச்செய்தலைக் குறிக்கும். இதற்கும் பொய்யுரைத்தற்கும் வேற்றுமை உண்டு. ஒருவன் தன் நிலத்தை விற்கக் கருதி, வாங்க வந்தவனிடம், "இந்நிலத்திற் கிணறு உண்டு, ஆழம் முப்பதடி, கல்லாற் கட்டியது" என்கின்றான். அவன் கூறிய மூன்றும் உண்மையே. கிணற்றில் நீர் வற்றிப் பல்லாண்டாயிற்று என்பதனை மட்டும் கூறாது விடுகின்றான். கேட்டவன் கிணறு என்னுஞ் சொல்லோடு நீரைத் தானே சேர்த்துக்கொண்டு விலை கொடுக்கின்றான். விற்றவன் வாயிலிருந்து ஒரு பொய்யும் வந்ததில்லை. ஆயினும் அவன் மயக்கினான் என்பதில் ஐயமில்லை. அவன் செய்தது அறமன்று என்பதிலும் ஐயமில்லை. எனினும் பிழை எங்கே தங்கியுள்ளது என்று நோக்குக. கிணறு பொய்யன்று, நீர் என்னும் பொருளும் உலகத்தில் இல்லாததன்று. இல்லாத இடத்தில் ஒன்றனைச் சேர்த்தறிந்த அறிவிலேதான் பிழை தங்கியது.

அளவை நூலார் ஐயம், திரிபு என்று வகுத்துரைத்ததும் இதுவே. கட்டையோ மகனோ என்று இருபாற்பட நிற்பது ஐயம். இப்பியை வெள்ளி என்றும், கயிற்றை அரவு என்றும் ஒருதலையாகத் துணிவது திரிபு. கயிற்றை அரவென்று கண்டு அஞ்சியவன்முன் கயிறு உண்டு. அரவும் புற்றினுள்ளே உண்டு. அரவை முன்னர்க் கண்டறியாதானுக்கு அத்திரிபு நிகழ்வதும் இல்லை. வேறிடத்துள்ள அரவைக் கயிற்றின்மேற் கலந்தறிந்ததே குற்றம். திருவள்ளுவனார் மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்தில் மருளைப் பேசுமிடத்து, மெய்ப்பொருள் அல்லாதவற்றை மெய்ப்பொருளாகக் கொள்ளும் உணர்வே அது என்று காட்டினர். அங்கு உரைவகுத்த பரிமேலழகரும் ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிதலையே விளக்கினர். ஆகவே மருளும் மயக்கமும் உணர்வின் குற்றங்களே என்பது பொதுமறையானும் பெறப்பட்டது.

அற்றேல், அவ்வாறு கலந்தறியும் இயல்பு உயிர்க்கு வந்தது எங்ஙனம் எனின், கூறுதும். உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது நம் சாத்திரங்கள் பல்லிடத்தும் வற்புறுத்தும் உண்மை. செம்மலரின் அருகே வைத்த படிகம் செந்நிறமாகத் தோன்றுமாறுபோல, உயிரும் எதனைச் சார்ந்ததோ அதன் இயல்பே தன்னியல்பாக நிற்கும். உடம்பைச் சார்ந்து நின்று உடம்பே யான் என்னும். பொருளைச் சார்ந்து நின்று பொருள் எனது என்னும். இப் பிறழ்ச்சிக்கு மூலம் அநாதியே உயிரைப் பற்றிய ஆணவமலம். உமாபதிசிவனார் திருவருட்பயனில் இருள்மலநிலை என ஓர் அதிகாரமே வகுத்து இதனை விளக்கினர். புற இருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னை மறைப்பதில்லை. இருள் என்றேனும் அது காணப்படும். ஆணவமோ பிறவற்றை மறைப்பதோடு தன்னையும் மறைத்து நிற்பது. எனவே நாம் மயங்குகின்றோம் என்பதும் நமக்குத் தெரியாதொழிகின்றது.

அவ்வதிகாரத்தின் இறுதியிலே ஆசிரியர் மாயையை வைத்த இடம் ஊன்றி நோக்கத்தக்கது. விடியுங்காறும் இருளில் உதவும் விளக்கைப்போல, அருள் விளங்குங்காறும் உடம்பு முதலியவாய் வந்து உயிர்க்கு உதவுவது மாயை என்றனர். மேடைகளில் இருளாகச் சொல்லப்படும் மாயையை நம் ஆசிரியர் விளக்காகச் சொல்லினர். இவ்வேற்றுமை சிறிதன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையின் காரியங்கள். கண்ணில்லாமற் காட்சியில்லை, மனமில்லாமல் நினைவில்லை, உடம்பில்லாமல் திருக்கோயில் வலம்வருதல் இல்லை. அசுத்தமாயையினின்று தோன்றும் கலை என்னுந் தத்துவம் ஆணவத்தைச் சிறிது நீக்கி உயிரின் தொழிலாற்றலை எழுப்புகின்றது. வித்தை என்னுந் தத்துவம் அறிவாற்றலை எழுப்புகின்றது. மயக்குதலே மாயையின் இயல்பாயின், அதன் வயிற்றிலே அறிவை எழுப்புங் கருவி பிறந்தது எங்ஙனம்?

மாயை என்னும் பெயர்க்காரணமும் இதனோடு ஒத்ததே. காரியங்கள் யாவும் தன்பால் வந்து ஒடுங்குதற்கும், மீளத் தன்னினின்றும் தோன்றுதற்கும் இடமாவது என்னும் பொருள்படவே நம்மவர் அதனை விரித்துரைப்பர். மண்ணிற் குடம் தோன்றி மண்ணிலேயே ஒடுங்குவதுபோல, உலகம் மாயையிற் றோன்றி மாயையில் ஒடுங்குகின்றது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதமே சிவஞானபோத முதற்சூத்திரத்திற்கு அடிப்படை. உலகம் உள்பொருள் என்பது நிறுவப்பட்டாலன்றி, அதனைத் தோற்றுவித்து ஒடுக்கும் முதல்வன் உளன் என்பதும் நிறுவப்படாது. உலகைப் பொய்யென்று தள்ளியபின் முதற்சூத்திரம் நிற்றற்கு இடம் ஏது? மெய்கண்டதேவர் தொடங்கிய வாயிலையே அடைத்துவிட்டு, அவர் பெயரால் விழாவெடுப்பது பொருந்துமோ என்பதனை அன்பர்கள் எண்ணுக.

ஈண்டு இரண்டு தடைகள் நிகழ்தல் கூடும். மாயை மயக்கமுஞ் செய்யும் என்று அருணந்தி சிவனாரே சித்தியாரிற் கூறினாரன்றோ என்பது முதலாவது. கூறினார், உண்மை. ஆயின் அவர் அவ்விடத்து மாயையை என்றும் உள்ளது என்றும், உலகிற்கு வித்து என்றும், உயிர்கட்கு உடம்பு முதலியன தருவது என்றும் கூறியபின்னரே மயக்கத்தைக் கூறினர். ஆதலின் மயக்கம் அதன் தொழில்களுள் ஒன்றாகக் கூறப்பட்டதன்றி, அதன் உண்மைத்தன்மைக்கு மறுப்பாகக் கூறப்பட்டதன்று. அம்மயக்கமும் ஆணவத்தொடு கூடிய உயிர்க்கே நிகழ்வது. விளக்கொளி கண்ணோய் உடையானுக்குக் கூச்சம் விளைக்கின்றது. நோயற்றானுக்கு வழி காட்டுகின்றது. சீவன்முத்தர்க்கும் வினைப்பயன் முடியுமளவும் மாயாகாரியமான உடம்பு உண்டு, அவர் முன்னும் இதே உலகம் உண்டு, அவர் மயங்குவதில்லை. மயக்கத்திற்கு மாயையே போதிய காரணமாயின், உடம்புள்ள அவரும் மயங்குதல் வேண்டும். மேலும் சித்தியார் பரபக்கத்தில் மாயாவாத மதத்தை எடுத்தோதி மறுத்த ஆசிரியர், சுபக்கத்தில் அதனையே உடன்பட்டார் எனக் கொள்ளுதல் அவர்க்கு மாறுகொளக்கூறல் என்னுங் குற்றத்தை ஏற்றுவதாகும். உமாபதிசிவனாரும் 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மாயாவாதியின் கூற்றையே முதற்கண் எடுத்துக்கொண்டனர். நம் ஆசிரியர் இவ்வளவு முயன்று விலக்கியதனை நாம் ஒரு சொல்லின் தளர்ந்த வழக்கினால் மீண்டும் உள்ளே அழைக்கின்றோம்.

திருமுறைகளில் இவ்வுலக வாழ்வு பொய்யென்று பலவிடத்தும் இகழப்பட்டதே என்பது இரண்டாந் தடை. அப்பாட்டுக்களிற் பொய் என்பது இல்பொருளைக் குறித்ததன்று, நிலையாமையைக் குறித்தது. ஒருகாலத்து உளதாய்த் தோன்றி ஒருகாலத்து மறைவதனை, என்றும் ஒருபடித்தாய் நிற்கும் சிவத்தின்முன் வைத்து நோக்கும்பொழுது பொய் என்றல் அடியார் மரபு. சாத்திரம் உலகை அசத்து என்பதும் இக்கருத்துப் பற்றியே. அசத்து என்பதற்கு இல்லாதது என்று பொருளன்று, மாறுதலுடையது என்றே பொருள் எனச் சிவஞான முனிவர் தெளிவுறுத்தினர். 1785-ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்திய அம்முனிவர் சிவஞானபோதத்திற்குப் பாடியமும் தொல்காப்பியத்திற்குச் சூத்திரவிருத்தியும் செய்தவர். சொல்லின் எல்லையை அறிந்தவரே பொருளின் எல்லையையும் காத்தனர். மேலும், வாழ்வைப் பொய்யென்று பாடிய அடியார்களே ஊர்தோறுஞ் சென்று ஆலயந்தொழுதனர். உழவாரங்கொண்டு திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கினர். இல்லாத புல்லை இல்லாத உழவாரத்தாற் செதுக்குவார் உளரோ?

ஏகான்மவாதிகள்மேலும் நாம் இல்லாத கொள்கையை ஏற்றுதல் தகாது. அவர்களுள் நூல்வல்லார் மாயையை வெறும் இன்மை என்று கூறார். உள்ளது என்றும் இல்லது என்றும் வரையறுத்துரைக்க ஒண்ணாதது என்பர். உலகியல் நிலையில் உலகிற்கு ஓர் உண்மையையும் உடன்படுவர். அவர் முடிபை நாம் மறுக்கின்றோம். ஆயின் அது ஆராய்ச்சியோடு கூடிய முடிபு. மேடையில் வழங்கும் "எல்லாம் பொய்" என்னுந் தொடரோ அவர்க்கும் உடன்பாடன்று, நமக்கும் உடன்பாடன்று.

இன்னும் ஒன்று. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும் சுத்தமாயையினின்று தோன்றுவன. செவியிற் கேட்கப்படும் எல்லா மொழியும் அவ்வழியே வருவது. மாயை பொய்யாயின் அதனிற் பிறந்த வாக்கும் பொய்யாம்; வாக்குப் பொய்யாயின் "எல்லாம் மாயை" என்னும் அவ்வாக்கியமும் பொய்யாம். ஒலிவடிவாய் நம் நாவிற்கு வந்த திருவைந்தெழுத்தையும், ஆகமங்களையும், குருவின் திருவாய்மொழியையும் உடன் இழந்தொழிவோம். இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றாகிய மறைத்தலையும் சிலர் மயக்குதலோடு ஒன்றாக எண்ணுகின்றனர். அதுவும் பிழையே. நிலம் விற்றவன் கிணற்றின் நிலையை மறைத்தது தன் ஆதாயம் கருதி. முதல்வன் மறைப்பது உயிர் வினையை நுகர்ந்து பக்குவமடைதல் கருதி. முன்னது வஞ்சனை, பின்னது அருள்.

இச்சொல்வழக்கினால் வரும் தீமை நூலறிவளவில் நின்றுவிடுவதன்று. கோயில் நிலத்துக் குத்தகையைக் கொடாது கைக்கொண்டவனும், "மாயை என்னை மயக்கிவிட்டது" என்று சொல்லித் தப்பக் காண்கின்றோம். சடமாகிய மாயை தானாக எவரையும் சென்று பற்றாது. எனது என்னும் ஆணவ முனைப்பே அங்குப் பற்றியது. தன் குற்றத்தைக் கருவியின்மேல் ஏற்றுவார்க்கு அக்குற்றம் நீங்குங் காலம் வாராது. மற்றொருபுறம், மகவை இழந்து அழுவாரிடம், "எல்லாம் மாயை, அழுதல் எதற்கு?" என்பாரும் உளர். அது தேற்றமும் அன்று, ஞானமும் அன்று. மகவும் மெய், இழப்பும் மெய், துயரும் மெய். இவை நிலையாதன என்று உணர்த்தி, நிலைத்தவன் திருவடியைக் காட்டுதலே சைவர் செய்யத்தக்கது. வறியார்க்கு இடும் சோறு மெய்யென்று கொண்டாலன்றி மாகேசுர பூசைக்கும் பொருளில்லை.

ஆதலின் சைவ நன்மக்கள், விசேடமாகச் சொற்பொழிவு செய்வோரும் எழுதுவோரும், இச்சொற்களை வரையறுத்து வழங்குவாராக. இல்லாததனை உள்ளதாகக் கூறுவதனைப் பொய் என்க. தன்னலங் கருதி மறைத்துரைப்பதனை வஞ்சனை என்க. ஒன்றோடொன்றைக் கலந்து வேறுபாடு தெளியாது நிற்கும் அறிவின் நிலையை மயக்கம் என்க. உலகத்திற்கு முதற்காரணமாய் என்றும் உள்ளதாகிய சடப்பொருளை மாயை என்க. மாறுந் தன்மையதனை நிலையாதது என்க. இவ்வைந்தும் ஐந்து வேறு பொருள். ஒரு சொல்லால் ஐந்தையுங் குறிக்கப் புகுதலே ஒரு மயக்கமாகும்.

கலக்கும் இயல்பு உயிரை விட்டு நீங்குவதன்று. பாசத்தைச் சார்ந்து பாசமே தானாய் நின்ற அவ்வுயிரே, திருவருளாற் சிவத்தைச் சார்ந்து சிவமாந்தன்மை எய்தும். முன்னைய கலப்பு மயக்கமாயிற்று. பின்னைய கலப்பு வீடாயிற்று. அதற்கு வாயில் பூவும் நீரும், திருநீறும் திருக்கோயிலும், அவற்றை அன்பொடு பேணும் உடம்புமே. பூத்தொடுத்த அம்மூதாட்டியாரை மீண்டுங் காணும் பேறு எமக்கு வாய்க்குமாயின், அன்று ஒரு சொல்லாற் கூறியதனை இவ்வளவு விரித்துக் கூறுதல் வேண்டா. நாளைக்கு வேண்டும் பூவைக் கொய்துவந்து அவர்முன் வைத்தலே போதுமென்று எண்ணுகின்றோம்.

திருச்சிற்றம்பலம்